மயக்கவியலா, கதிரியக்கவியலா: எதிர்காலத்தில் எது நிலைக்கும்?

மருத்துவப் பட்டம் பெற்று, மேற்படிப்புக்குத் துறை தேடும் பலர், அறுவையின்போது மயக்கம் தரும் மயக்கவியலையும், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படித்து நோயறியும் கதிரியக்கவியலையும் ஒன்றாக வைத்துத்தான் பேசுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டிலும் நோயாளி மருத்துவரின் பெயரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. பெரும்பாலும் வேறொரு மருத்துவர் அனுப்பித்தான் வருகிறார். இரண்டுமே கருவிகளை நம்பிய துறைகள். “இனி இதையெல்லாம் இயந்திரமே பார்த்துக்கொள்ளும்” என்ற பயமுறுத்தலும் இரண்டுக்கும் பொது. ஆனால் ஆபத்து இரண்டுக்கும் ஒரே பக்கத்திலிருந்து வரவில்லை. துறையைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதையே நிறுத்திவிடலாம் என்று செயற்கை நுண்ணறிவின் முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன் 2016-இல் சொன்னார். ஐந்து ஆண்டு, மிஞ்சினால் பத்து ஆண்டு என்று கெடுவும் வைத்தார். ஐந்து ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. பல நாடுகளில் ஸ்கேன் அறிக்கை எழுத இன்னும் ஆள் போதவில்லை. படம் எடுக்கும் வேகம் மருத்துவர்கள் உருவாகும் வேகத்தை மிஞ்சிவிட்டது. ஆனாலும் இந்தத் துறையின் மூலப்பொருள் டிஜிட்டல் படம். அது கடல் கடந்தும் போகும். இங்கே நள்ளிரவில் எடுத்த சி.டி. ஸ்கேனை இன்னொரு கண்டத்தில் பகலில் ஒருவர் படித்து அறிக்கை அனுப்பலாம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வசதியும், உலகம் முழுவதோடும் போட்டியிட வேண்டிய நெருக்கடியும் ஒரே காரணத்தால் வருகின்றன. மென்பொருள் வந்து உட்காரும் இடமும் அதுவே.

மயக்கவியலில் இயந்திரம் நுழைந்த கதை வேறு. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் ‘செடாசிஸ்’ கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013-இல் அனுமதி தந்தது. குழாய்க் கேமரா விட்டு இரைப்பையையும் பெருங்குடலையும் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி செய்யும்போது புரோபோஃபால் மருந்தை அளந்து செலுத்தி, நோயாளியை அரை மயக்கத்தில் வைத்திருப்பது அதன் வேலை. கையிலிருக்கும் பிடியை அழுத்தச் சொல்லி நோயாளியின் விழிப்பைச் சோதிக்கும். ஆக்ஸிஜன் குறைந்தால் மருந்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். விற்பனை போதாமல் 2016-இல் அதைக் கைவிட்டார்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு மட்டுமே பயன்படுத்தலாம், மயக்கவியல் வல்லுநர் அழைத்தவுடன் வரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பவை அனுமதியின் நிபந்தனைகள். நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதை அடைபட்டால் அந்தக் கருவியால் மருந்தை நிறுத்த முடியும். தாடையைத் தூக்கிப் பிடிக்க முடியாது.

இந்தத் துறையின் பிழைப்பே அந்தத் தாடையில்தான் இருக்கிறது என்பேன். குட்டைக் கழுத்து, பருத்த உடல் கொண்ட ஒருவருக்கு மயக்கம் தரும் தருணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து ஏறியதும் மூச்சு நின்றுவிடுகிறது. முகமூடி சரியாகப் படியவில்லை. தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் குரல்வளை தெரியவில்லை. பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் ஒலி சுருதி இறங்கிக்கொண்டே போகிறது; திரையைப் பார்க்காமலேயே அறையிலிருக்கும் அத்தனை பேருக்கும் ஆக்ஸிஜன் குறைவது புரிகிறது. தலையை நகர்த்துவதா, வேறு குழாயை எடுப்பதா, கழுத்தைக் கீறிச் சுவாசவழி அமைப்பதா? சில நிமிடங்களுக்குள் முடிவெடுத்துக் கையால் செய்து முடிக்க வேண்டிய வேலை இது. இதைத் தொலைவிலிருந்து செய்ய முடியாது.

மயக்க மருத்துவர்களுக்கு உண்மையான போட்டி மனிதர்களிடமிருந்து வருகிறது. அமெரிக்காவில் மயக்கவியல் பயிற்சி பெற்ற செவிலியர்கள் மருத்துவரின் மேற்பார்வையின்றிப் பணியாற்ற மாநிலங்கள் அனுமதிக்கலாம் என்று 2001-இல் விதி வந்தது. அயோவா மாநிலம் முதலில் அதை ஏற்றது. பிரிட்டனில் மருத்துவரல்லாத மயக்கவியல் உதவியாளர்களை மருத்துவக் கவுன்சிலே 2024 டிசம்பர் முதல் ஒழுங்குபடுத்துகிறது. ஏழை நாடுகள் பலவற்றில் பெரும்பாலான அறுவைகளுக்கு மயக்கம் தருபவர்கள் மருத்துவர்களே அல்லர். ஆரோக்கியமான நோயாளி, எளிய அறுவை, பகல் நேரம் என்ற பகுதியில் மருத்துவரின் இடம் சுருங்கும் என்றே நினைக்கிறேன். கதிரியக்கவியலில் இந்த அழுத்தம் குறைவு. ஆனாலும் பிரிட்டனில், படம் எடுக்கும் ரேடியோகிராபர்களில் பயிற்சி பெற்றவர்கள் எக்ஸ்ரேக்களுக்கும் சில ஸ்கேன்களுக்கும் அறிக்கை எழுதுகிறார்கள்.

மயக்க மருத்துவர்களின் தேவை குறையுமா என்று கேட்டால், குறையாது. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சையும் மயக்க மருத்துவமும் உலகில் 500 கோடிப் பேருக்கு எட்டவில்லை என்றும், ஆண்டுக்குக் கூடுதலாக 14.3 கோடி அறுவைகள் தேவை என்றும் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015-இல் கணக்கிட்டது. முதியோர் பெருகுகிறார்கள், இதய நோயும் சர்க்கரையும் உள்ள எண்பது வயதுக்காரரை இன்று அறுவை மேசைக்கு அழைத்து வருகிறோம். எம்.ஆர்.ஐ. அறைக்கும் இதயக் குழாய்ச் சிகிச்சை அறைக்கும்கூட மயக்க மருத்துவரைக் கூப்பிடுகிறார்கள். பழைய அனுபவம் ஒன்றும் இருக்கிறது. 1990-களின் நடுவில், மயக்க மருத்துவர்கள் தேவைக்கு மேல் குவிந்துவிடுவார்கள் என்ற கணிப்பைக் கேட்டு அமெரிக்க மாணவர்கள் இத்துறையை விட்டு ஒதுங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே ஆள் பஞ்சம் வந்தது.

வாழ்க்கை முறையில் கதிரியக்கவியலுக்கே என் ஓட்டு. மயக்க மருத்துவரின் நாள் அறுவை நிபுணரின் அட்டவணையைப் பின்பற்றி ஓடும். அவசர சிசேரியன் இரவு, பகல் பார்க்காது. ஆனால் தனியாகத் தொழில் தொடங்க ஸ்கேன் இயந்திரம் போன்ற பெரு முதலீடு வேண்டாம். கைத்திறனும் உரிமமும் இருந்தால் பல மருத்துவமனைகளில் பணியாற்றலாம்.

துறைக்குள்ளேயே கிளைக்கும் வழிகளிலும் மயக்கவியல் முந்துகிறது. கதிரியக்கவியலில் குழாய்வழிச் சிகிச்சை செய்யும் இடையீட்டுப் பிரிவு வலுவான கிளை. படம் படிக்கும் வேலையில் மென்பொருள் முன்னேற முன்னேற அதன் மதிப்பு கூடும். மயக்கவியலுக்குத் தீவிர சிகிச்சை, வலி மருத்துவம் என்று இரண்டு பெரிய கிளைகள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடே ஒரு மயக்க மருத்துவரின் முயற்சியில் வேர்விட்டதுதான். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியோர்ன் இப்சென் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தச் செய்து, மருத்துவ மாணவர்களை மாற்றி மாற்றி உட்காரவைத்துக் கையாலேயே காற்றழுத்தச் செய்து நோயாளிகளைக் காப்பாற்றினார்.

எனவே மயக்கவியலைத் தேர்ந்தெடுப்பவர்கள் பயிற்சிக் காலத்திலேயே கடினமான சுவாசப்பாதை, அல்ட்ராசவுண்ட் உதவியுடன் நரம்பை மரத்துப்போகச் செய்தல், தீவிர சிகிச்சை ஆகிய மூன்றிலும் கை தேற வேண்டும். பயிற்சி நிறுவனத்தைத் தேடும்போது, மாணவருக்கு இந்த மூன்றிலும் நேரடியாக வேலை கிடைக்கிறதா என்று மூத்த மாணவர்களிடம் கேட்டுவிட்டே சேருங்கள்.