வரலாறா, சட்டமா: ஏ-லெவலில் எதை எடுப்பது?

இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க, அங்கே பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவலில் சட்டம் எடுத்திருக்க வேண்டியதில்லை; ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ்கூட அதைக் கேட்பதில்லை.

எடுத்தால் குற்றவியல், தீங்கியல் (பிறருக்கு இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம்) சொற்கள் முன்பே பழகிவிடும். ஏக்யூஏ என்ற தேர்வு வாரியத்தில் இரண்டு மணி நேரத் தாள்கள் மூன்று, அவ்வளவுதான். ஆனால் பல்கலைக்கழகம் எப்படியும் அடிப்படையிலிருந்தே தொடங்கும்.

வரலாறு கடினம். 20 சதவீத மதிப்பெண் சொந்தமாக எழுதும் நீண்ட ஆய்வுக் கட்டுரைக்கு. முரண்படும் வரலாற்றாசிரியர்களை எடைபோட்டு, யாருடைய வாதம் எங்கே தளர்கிறது என்று காட்ட வேண்டும். நடந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால் மதிப்பெண் போய்விடும். சட்டப் படிப்புக்குச் சில பல்கலைக்கழகங்கள் கேட்கும் எல்நாட் நுழைவுத் தேர்வில் 40 நிமிடத்தில் எழுதும் கட்டுரைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

இரண்டில் ஒன்றென்றால் வரலாறுதான். சட்டத்தில் உண்மையான ஆர்வம் இருந்தால் வரலாற்றோடும் ஆங்கில இலக்கியத்தோடும் மூன்றாவதாக எடுங்கள்.