காட்டும் கருவியா, கைவைக்கும் கருவியா: கணினிப் பராமரிப்புக்கான இலவச மென்பொருள்கள்

கணினி மெதுவாகிவிட்டது என்றதும் இணையத்திலிருந்து ஏதேனும் ஒரு 'கிளீனரை' இறக்கி ஓடவிடுவதுதான் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் இன்றும் முதல் வைத்தியமாக இருக்கிறது. இலவச மென்பொருள்களை விலை கொண்டு தரம் பிரிக்க வழியில்லை. ஆகவே இந்த அலசலில் வேறோர் அளவுகோலைக் கையாள்கிறேன்: உள்ளே இருப்பதைக் காட்டிவிட்டு முடிவை நம்மிடம் விடும் கருவி எது, கேட்காமலே கைவைக்கும் கருவி எது? 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டாலும், இங்கு நான் பார்க்கும் கணினிகளில் பல இன்னும் அதில்தான் ஓடுகின்றன. எனவே கீழ்க்காணும் ஒப்பீடு 10, 11 ஆகிய இரண்டுக்கும் பொருந்தும்.

குப்பை நீக்குவதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் சிசிகிளீனர். 2017 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 5.33 பதிப்பினுள் விஷமிகள் தீநிரலைப் புகுத்திவிட்டதும், சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அந்தப் பதிப்பு நிறுவப்பட்டிருந்ததும் பலருக்கு மறந்துபோயிருக்கலாம். அந்த ஓட்டை அப்போதே அடைக்கப்பட்டுவிட்டது என்பதால் அதை மட்டும் காரணமாக்கி இன்று ஒதுக்குவது நியாயமாகாது. என் குறை அதன் ரிஜிஸ்ட்ரி (விண்டோஸும் மென்பொருள்களும் தம் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடு) துப்புரவைப் பற்றியது. ரிஜிஸ்ட்ரியில் சில நூறு பதிவுகளை நீக்குவதால் வேகம் கூடுவதில்லை. இத்தகைய கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. திறமூல மென்பொருளான ப்ளீச்பிட்டில் அந்த வேலையும் இல்லை, விளம்பரமும் இல்லை. எந்தக் கோப்பு போகும், எவ்வளவு இடம் மீளும் என்பதை முன்னோட்டத்தில் பார்த்துவிட்டு நீக்கலாம். ஆனால், உலாவியின் கீழ் 'கடவுச்சொற்கள்' என்ற கட்டத்தையும் சேர்த்துத் தேர்ந்துவிட்டால் சேமித்து வைத்தவை அனைத்தும் போய்விடும் என்பதால் புதியவர் கையில் இதைக் கொடுக்கத் தயங்குகிறேன். அவர்களுக்கு விண்டோஸின் சொந்த 'தற்காலிகக் கோப்புகள்' பக்கமே போதும். அங்கேயும் 'பதிவிறக்கங்கள்' என்ற கட்டத்தைத் தொடக்கூடாது. பட்டா நகல், ஆதார் நகல், மின் கட்டண ரசீது எல்லாம் நம்மவர்கள் வைத்திருப்பது அந்தக் கோப்புறையில்தான்.

இடத்தை அடைப்பது எது என்று பார்க்க விஸ்ட்ரீ, வின்டிர்ஸ்டாட் என்று இரண்டு உண்டு. விஸ்ட்ரீ, என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான கோப்பு முறைமை) வட்டின் கோப்பு அட்டவணையை நேரடியாகப் படிப்பதால் சில நொடிகளில் முழு வட்டையும் கட்டம் கட்டமாக வரைந்து காட்டிவிடுகிறது. வின்டிர்ஸ்டாட்டின் புதிய பதிப்பு முன்னைவிட விரைவானது. ஆயினும் வேகத்தில் விஸ்ட்ரீக்கே முதலிடம். உரிமத்தில் நிலைமை தலைகீழ்: விஸ்ட்ரீ சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக நடத்துபவர், அலுவலகக் கணினிக்கு வின்டிர்ஸ்டாட்டைத் தேர்ந்துகொள்வதே முறை.

கணினி திறந்தவுடன் தாமாகவே எழுந்துகொள்ளும் நிரல்களைக் கட்டுப்படுத்த, விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜரிலேயே தனிப் பிரிவு இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது போதும். அங்கே எதுவும் தென்படாமலும் தொல்லை தொடர்ந்தால் ஆட்டோரன்ஸைத் திறக்க வேண்டும். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது இது. 2006 முதல் மைக்ரோசாஃப்ட் வசம் இருக்கிறது. நிறுவத் தேவையில்லை. முதல் பார்வையில் நூற்றுக்கணக்கான வரிகள் மிரட்டும். மைக்ரோசாஃப்டின் பதிவுகளை மறைக்கும்படி சொன்னால் பட்டியல் சுருங்கிவிடும். மஞ்சள் நிற வரி என்றால், பதிவு இருக்கிறது, அது சுட்டும் கோப்பு இல்லை என்று பொருள். டிக்கை எடுத்தால் அந்த நிரல் நின்றுவிடும். மீண்டும் டிக் செய்தால் பழையபடி ஓடும். பழுது பார்ப்பவனுக்கு இதைவிட நல்ல குணம் ஒரு கருவியிடம் தேவையில்லை.

வட்டின் உடல்நிலைக்கு வருவோம். மற்ற எதில் தவறினாலும் சரிசெய்துகொள்ளலாம், இதில் முடியாது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போன ஐயாக்கள் எழுதிய கணக்கேடுகளை ஸ்கேன் செய்து, கல்யாணப் படங்களோடு சேர்த்து ஒரே வட்டில் வைத்திருக்கும் வீடுகள் இங்கே இருக்கின்றன. அப்படிப்பட்ட வட்டு மக்கர் செய்யும்போது பலரும் முதலில் நாடுவது செக்டிஸ்க். அது கோப்பு முறைமையைச் சீர்செய்யும் கருவி. ஏற்கெனவே தேய்ந்த வட்டில் முழுப் பரப்புச் சோதனையை ஓடவிட்டால் மணிக்கணக்கில் தேய்த்து, மிச்ச உயிரையும் எடுத்துவிடக்கூடும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, வட்டு தன்னைப் பற்றித் தானே குறித்துவைத்திருக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் படித்து, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறத்தில் நிலையைச் சொல்கிறது. வன்வட்டானால் 05 (பழுதாகி மாற்றிவைக்கப்பட்ட பகுதிகள்), சி5 (படிக்க முடியாமல் காத்திருப்பவை), சி6 (சரிசெய்ய முடியாதவை) ஆகிய மூன்று வரிகளைப் பார்த்தால் போதும். ஒரு சிக்கல்: மூல மதிப்புகளை அது இயல்பாகப் பதினாறடிமான எண்ணில் காட்டும், சி5 வரியில் 30 என்று தெரிந்தால் உண்மையில் 48 (3 × 16) பகுதிகள் படிக்க முடியாமல் காத்திருக்கின்றன. அமைப்புகளில் பதின்மத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மஞ்சள் வந்துவிட்டால் முதலில் வேறு வட்டுக்கு நகல், அதன் பிறகே மற்றவை. செகண்ட் ஹேண்டில் கணினி வாங்குவோர், வட்டு ஓடிய மொத்த மணிநேரத்தையும் இதே திரையில் பார்த்துவிட்டு விலை பேசலாம். (தளத்தில் அனிமே பெண்கள் நிற்கும் பதிப்புகளும் கிடைக்கும், படமில்லாத சாதாரணப் பதிப்பே வேலைக்கு ஏற்றது.)

சூட்டை அளப்பதில் எச்டபிள்யூமானிட்டர் எளிமையானது: இப்போதைய, குறைந்த, கூடிய அளவுகள் மூன்று பத்திகளில் நிற்கும். எச்டபிள்யூஇன்ஃபோவோ, சூட்டினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டதா என்பதையும் ஆம், இல்லை என்று தெரிவிக்கும். சித்திரை வெயிலில், செம்மண் புழுதி படிந்த மின்விசிறியோடு ஓடும் மடிக்கணினிக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். 'ஆம்' என்றிருந்தால் எந்தக் கிளீனரும் உதவாது. தூசி தட்டித் தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டியதுதான்.

தோற்றத்தை மாற்றுவதில் என் விருப்பு வெறுப்பு கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். ரெயின்மீட்டர் திரையை அழகாக்கும். ஆனால் கண்ட இடங்களிலிருந்து எடுக்கும் 'ஸ்கின்'களின் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை, பழைய கணினிக்கு அது வீண் சுமை. பழைய ஸ்டார்ட் மெனுவைக் கேட்பவர்களுக்கு, 2017-இல் நிறுத்தப்பட்ட கிளாசிக் ஷெல்லின் வழிவந்த ஓப்பன்-ஷெல் இருக்கிறது. "தம்பி, அந்தப் பழைய மெனுவையே வச்சுக் குடுங்க, புதுசுல எனக்கு எதுவும் ஆப்புடலை" என்று ஓர் ஆச்சி கேட்டபோது, அவருக்கு அதுவே மிகச் சரியான விடையாக இருந்தது. வேலை செய்பவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ்: திரையைப் பகுதிகளாகப் பிரித்து ஒருபுறம் டாலியையும் மறுபுறம் ரசீதின் படத்தையும் நிறுத்தலாம், நூறு புகைப்படங்களின் பெயரை ஒரே மூச்சில் மாற்றலாம், மாற்றுவதற்கு முன் புதிய பெயர்களைப் பட்டியலிட்டும் காட்டும்.

தமிழ்த் தட்டச்சுக்கு விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருப்பதால், ஒருங்குறியில் (யூனிகோடு) மட்டும் எழுதுபவருக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. அச்சுக்கும் எழுதுபவர்களின் நிலை வேறு. அழைப்பிதழ் அச்சகங்களில் டாம், டாப் போன்ற பழைய குறியாக்கங்களின் எழுத்துருக்கள் இன்னும் புழங்குவதால், அவற்றிலும் தட்டச்ச இடமளிக்கும் என்எச்எம் ரைட்டரை அங்கே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.