ஃபியட் கிளம்பிப் போன பிறகு, சேலத்தில் ஓர் அபார்த் புன்டோ

அஸ்தம்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினாலும் சரி, ஏற்காட்டில் ஏரிக்கரையில் நிறுத்தினாலும் சரி, யாராவது பக்கத்தில் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "இதுக்கு ஸ்பேர் கிடைக்குதாங்க?" எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பவர்கள் குறைவு. நியாயமான கவலைதான். ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. நான் இந்த அபார்த் புன்டோவை செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஆபீஸ் போகவும் மலை ஏறவும் இதையேதான் ஓட்டுகிறேன். என் பதில்: ஸ்பேர் கிடைக்கும், வேண்டும் என்கிற அன்றைக்குக் கிடைக்காது. உடைந்த பிறகு தேடுகிற பழக்கம் உள்ளவருக்கு இந்தக் கார் சரிப்படாது. முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைக்கிறவரிடம் இது நன்றாகவே ஓடும்.

காரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஃபியட் புன்டோ ஹேட்ச்பேக்கின் பவர் கூட்டிய வடிவம்தான் அபார்த் புன்டோ, 2015 அக்டோபரில், 9.95 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் வந்தது. 1.4 லிட்டர் டி-ஜெட் டர்போ பெட்ரோல் இன்ஜின், 145 பிஎச்பி, 212 நியூட்டன் மீட்டர் டார்க், ஐந்து கியர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட 8.8 விநாடி என்று கம்பெனி சொன்னது. பத்து லட்சத்துக்குள் இவ்வளவு பவர் உள்ள கார் அன்றைக்கு வேறு இல்லை.

சேலத்தில் இருந்துகொண்டு இது எதற்கு என்றால், ஏற்காடு ரோட்டைத்தான் காட்டுவேன். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் ஆரம்பிக்கிற இருபது கொண்டை ஊசி வளைவுகள் இந்தக் காருக்கென்றே போட்டவை போல இருக்கும். வளைவில் இரண்டாவது கியர், ஸ்டியரிங் நேரானதும் லேசாக மிதித்தால் 2000 ஆர்பிஎம்மிலேயே டர்போ இழுக்க ஆரம்பித்துவிடும். அடுத்த வளைவுக்குள் மூன்றாவதுக்கும் போய்வரலாம். வேகம் இங்கே ஒரு விஷயமே இல்லை. எதிரே பஸ் வரும், வளைவில் குரங்குக் கூட்டம் உட்கார்ந்திருக்கும், நாற்பதைத் தாண்ட மனசே வராது. அந்த நாற்பதுக்குள்ளேயே கார் திணறாமல் ஏறுகிறதே, அதுதான் சுகம். ஸ்டியரிங் ஹைட்ராலிக் என்பதால் ரோட்டில் கிடக்கிற சரளை வரை கைக்குத் தெரிகிறது. இப்போது வருகிற எலக்ட்ரிக் ஸ்டியரிங் கார்களை நண்பர்களிடம் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டேன், அந்த உணர்வு இல்லை. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே விட்டுவிடுவேன், பிரேக்குக்கு வேலை குறைவு. மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டுத்தான் சாவியைத் திருப்புவேன். டர்போ சூடாக இருக்கும்போது ஆயில் ஓட்டத்தை நிறுத்துவது அதற்கு நல்லதல்ல.

மேலே 1500 மீட்டர் உயரத்துக் குளிர், கீழே ஏப்ரலில் நாற்பது டிகிரி வெயில். இந்த இரண்டுக்கும் நடுவே போய்வருகிற காரில் முதலில் போவது இரும்பு இல்லை. ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான்.

அப்படித்தான் ஒரு கோடையில் பத்தாவது வளைவுக்கு மேல் இழுவை குறைந்தது. இன்ஜின் லைட் எரியவில்லை, சத்தம் மட்டும் வேறு மாதிரி, மெலிதாக ஒரு உஸ். டர்போ போச்சு, மாற்ற வேண்டும் என்றார் ஒருவர். டர்போ என்றாலே பர்ஸ் நடுங்கும். ஆனால் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குப் போகிற குழாயில் ஓட்டை இருந்தாலும் இதே அறிகுறிதான். எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் லேசாகக் காற்று கொடுத்து, ஷாம்பு தண்ணீரை ஸ்ப்ரே செய்தார். கிளாம்புக்கு அடியில், கண்ணுக்கே தெரியாத இடத்தில், சின்னச் சின்னக் குமிழியாக வந்தது. கழற்றிப் பார்த்தால் நகத்தால் கீறினது போல ஒரு விரிசல், அவ்வளவுதான்.

இங்கேதான் சேலத்தின் பலம் தெரிகிறது. சங்ககிரியும் நாமக்கல்லும் பக்கத்தில் இருப்பதால் லாரித் தொழிலுக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் இங்கே உண்டு. கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் ஒரு ஹோஸ் கடையில் பழைய துண்டைக் கொடுத்தேன். பெரியவர் வெர்னியர் வைத்து உள்விட்டத்தையும் வெளிவிட்டத்தையும் அளந்தார். நூல் வைத்துப் பின்னிய சிலிக்கான் ஹோஸில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டு, "லாரி டர்போவுக்குப் போடறது தம்பி. உங்க வண்டிக்கு இது தாராளம். நேரா இருக்கற இடத்துல போடுங்க, மடக்கிப் போட்டீங்கன்னா நிக்காது" என்றார். நேரான துண்டு இன்றைக்கும் காரில் அதுதான். வளைந்த துண்டுக்கு மட்டும் ஒரிஜினல் வரும்வரை காத்திருந்தேன்.

பேரிங்கும் இதே கதைதான். ஆல்டர்னேட்டர், ஐட்லர் புல்லி போன்றவற்றில் இருப்பவை பெரும்பாலும் உலகப் பொது அளவு பேரிங்குகள். 6203 என்று பொறித்திருந்தால் உள்ளே 17 மில்லிமீட்டர், வெளியே 40, தடிமன் 12. அது இத்தாலிக்காரில் இருந்தாலும் சரி, மோட்டார் பம்பில் இருந்தாலும் சரி. கம்பெனி முழு அசெம்பிளியாகத்தான் தருவேன் என்கிற பொருளுக்கு நல்ல பிராண்டு பேரிங் ஒன்று போதும். சஸ்பென்ஷனில் இருக்கிற லோயர் ஆர்ம் ரப்பர் புஷ்ஷை லாரி ஒர்க்ஷாப் பிரஸ்ஸில் வைத்து இரண்டு நிமிடத்தில் தள்ளி ஏற்றிவிடுகிறார்கள். ரேடியேட்டர் சுத்தம், கிளாம்பு, லேத் வேலை எதற்கும் வெளியூர் போனதே இல்லை.

ஆனால் ஊர்க் கடையில் ஃபியட் என்ற பெயரை மட்டும் சொல்லி எதுவும் கேட்காதீர்கள். உடனே ஸ்விஃப்ட் டீசல் ஸ்பேரை எடுத்து வைத்துவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசலைத்தான் மாருதியும் டாடாவும் வருடக்கணக்கில் போட்டு விற்றன. அதனால் டீசல் புன்டோ வைத்திருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. நம் டி-ஜெட் அப்படிப் பரவவில்லை. இங்கே லீனியா டி-ஜெட், அவென்ச்சுரா அபார்த் என்று விரல் விட்டு எண்ணுகிற கார்களில்தான் வந்தது. ஜீப் காம்பஸ் பெட்ரோலில் இருந்த 1.4 இன்ஜினும் இதே குடும்பம்தான், ஆனால் அதன் ஹெட் (வால்வுகள் இருக்கிற மேல்பாகம்) மல்டிஏர், வேறு அமைப்பு. பார்ட் நம்பர் ஒத்துப்போனால் ஒழிய அதை நம்பி வாங்கக் கூடாது.

பாடி விஷயத்தில் நிம்மதி. கதவு, கண்ணாடி, ஹெட்லைட், பவர் விண்டோ எல்லாம் சாதாரண புன்டோ இவோவில் இருப்பதுதான். அதனால் உடைக்கப் போன டீசல் புன்டோக்கள் நமக்குப் பெரிய உதவி. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். இந்த மாதிரிப் பொருளைப் பழையதாக வாங்க நான் தயங்குவதே இல்லை. பிரேக், பெல்ட், சஸ்பென்ஷன் மூன்றும் எனக்குப் புதுசுதான், எவ்வளவு காத்திருக்க வேண்டியிருந்தாலும்.

டைமிங் பெல்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்த இன்ஜினின் உயிர் அதில்தான் இருக்கிறது. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது இதுதான்; டி-ஜெட்டில் செயின் இல்லை, ரப்பர் பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், இன்ஜின் காலி. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும், அதனால் வருடத்தையும் கணக்கு வைக்க வேண்டும். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாகவே மாற்றுங்கள். பம்ப் பின்னால் ஒழுகினால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும். வால்வுகளை இயக்குகிற கேம்ஷாஃப்டைப் பூட்டி வைக்கிற கருவி இல்லாமல், பெயிண்டில் மார்க் போட்டு மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கவே கூடாது. நான் இதற்குக் கோயம்புத்தூர்தான் போகிறேன். கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர், ரேஸ் காரில் கை வைத்துப் பழகியவர்கள் அங்கே உண்டு. காலையில் கிளம்பினால் மூன்று மணி நேரம். இன்னொன்று, பெல்ட் வேலை முடிந்த பிறகு இசியுவுக்கு (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஃபோனிக் வீல் லேர்னிங், அதாவது இன்ஜின் சுழற்சியை அளக்கிற பல் சக்கரத்தை அதற்கு மறுபடி கற்றுக்கொடுப்பது, செய்ய வேண்டியிருக்கும். செய்யாமல் விட்டால், எல்லாம் சரியாகப் பூட்டியிருந்தும் மிஸ்ஃபயர் என்று லைட் எரியும், ஆளாளுக்கு காயில், பிளக் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மல்டிஇசியுஸ்கேன் மென்பொருளும் பழைய லேப்டாப்பும் அதைக் காரோடு இணைக்கிற இஎல்எம்327 அடாப்டரும் இருந்தால் இதை வீட்டிலேயே செய்யலாம். ஃபியட் வைத்திருப்பவர் ஸ்பேனர் செட்டுக்கு முன்னால் வாங்க வேண்டியது இதுதான்.

வெளிநாட்டுச் சரக்குக்கு வருவோம். ஐரோப்பாவில் இந்த இன்ஜின் அபார்த் 500, ஆல்ஃபா மிட்டோ போன்ற கார்களில் நிறைய ஓடுகிறது, அதனால் அங்கே பஞ்சமே இல்லை. ஓப்பல் கோர்ஸா டி-யும் புன்டோவும் ஒரே பிளாட்ஃபாரத்தில், அதாவது ஒரே அடிக்கட்டமைப்பில், செய்தவை. அதனால் சஸ்பென்ஷன் பொருளை கோர்ஸா பெயரிலும் தேடிப் பாருங்கள். தனியாக ஒரு சென்சார் வரவழைத்தால் கூரியரும் கஸ்டம்ஸும் சேர்ந்து பொருளின் விலையையே தாண்டிவிடும். அதனால் நாங்கள் ஃபியட் ஓட்டுகிற சிலர் வாட்ஸ்அப்பில் பேசி வைத்து ஒரே பெட்டியாக ஆர்டர் போடுகிறோம். உள்நாட்டில் வாங்குவதற்கு, 2025 செப்டம்பர் 22 முதல் ஆட்டோ பார்ட்ஸ் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியதும் கொஞ்சம் உதவிதான்.

ஆன்லைனில் ஒரிஜினல் என்று போட்டு வந்த ஒரு ஆயில் ஃபில்டர் எனக்கு நல்ல பாடம் காட்டியது. அட்டைப்பெட்டி அச்சு அசல். கையில் எடுத்தால் எடை குறைவு, கேஸ்கெட் ரப்பர் விரலுக்குக் கரகரப்பாக இருந்தது. மாட்டாமலே திருப்பி அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து கழற்றுகிற ஒவ்வொரு பொருளிலும் பொறித்திருக்கிற எண்ணைப் போட்டோ எடுத்து, விலை, வாங்கிய இடம், தேதியோடு எழுதி வைக்கிறேன்.

ரீமேப், அதாவது இசியு மென்பொருளை மாற்றிப் பவர் ஏற்றச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். பவர் ஏறும், உண்மைதான். அந்தக் கூடுதல் டார்க்கைத் தாங்க வேண்டியது கிளட்ச், அது வீணானால் மாற்று வர வாரக்கணக்கில் ஆகும். தவிர, கம்பெனி அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடையாக நிற்கிறது. ஏற்காட்டு எஸ்டேட் நடுவே வெடிக்கிற சைலன்சரோடு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

டயருக்கு அலைய வேண்டாம். 195/55 ஆர்16 அளவுதான் பலேனோவுக்கும் எலைட் ஐ20-க்கும், சேலத்தில் எந்தக் கடையிலும் இருக்கும். ஆயில் 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக், கம்பெனி சொன்ன இடைவெளிக்கு முன்பே மாற்றுகிறேன். இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இது பழைய பிஎஸ்4 புகை விதிமுறைக் காலத்துக் கார் என்பதால் ஃபியூவல் ஹோஸை ஒவ்வொரு சர்வீஸிலும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

பிடிக்காதவையும் உண்டு. 155 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் நம் ஊர் வேகத்தடைக்குப் பத்தாது, நான்கு பேர் உட்கார்ந்தால் அடிவயிறு உரசும். பின் சீட்டில் பெரியவர்களுக்குக் கால் நீட்ட இடமில்லை. பொருள் வரும்வரை கார் வீட்டில் நிற்கும், அதனால் இன்னொரு வண்டி கட்டாயம். ஒரே கார்தான் வைக்க முடியும் என்றால் இதை வாங்காதீர்கள். செலவும் சாதாரண ஹேட்ச்பேக்கைப் போல இரண்டு மடங்கு ஆகிறது.

அப்படியும் வாங்குகிறவர் முதலில் டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது முதல் ஸ்டார்ட்டை நீங்களே போடுங்கள், புகை வந்தால் அப்போதுதான் தெரியும். பிறகு சமதளத்தில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாமல், விற்கிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏற்காடு ரோட்டில் ஏழெட்டு வளைவு ஏற்றுங்கள். மூன்றாவது கியரில் முழுசாக மிதிக்கும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் போய்விட்டது. இரண்டுமே ஏறாமல் உஸ் என்று சத்தம் கேட்டால் ஹோஸைப் பாருங்கள், அது சின்னச் செலவுதான்.