நீலகிரியில் சில வாரமா, ஐரோப்பாவில் ஒரு செமஸ்டரா: மலையக மாணவருக்கான ஓர் ஒப்பீடு

பட்டப் படிப்பின் நடுவே வெளிநாடு சென்று சிறிது காலம் படித்துத் திரும்புவதற்கு நம் மாணவர் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் வருகின்றன. ஒன்று, நம்முடைய துறைப் பேராசிரியரே பாடத்தை வகுத்து, ஒரு சிறு குழுவைத் தம்முடன் அழைத்துச் சென்று, அந்த மண்ணில் வைத்தே கற்பித்துத் திரும்பும் கள வகுப்பு. மற்றையது, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் போன்ற மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றில் தனியாகத் தெரிவாகி, ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு செமஸ்டர் படிப்பது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் போன நான், மூன்றாம் ஆண்டில் இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிய நிலையில், புவியியல் பேராசிரியர் ஒருவர் நீலகிரித் தேயிலைப் பகுதிக்கு நடத்திய கள வகுப்பில் சேர்ந்தேன். விடுதியில் என் அறையிலேயே இருந்த தோழி ஐரோப்பாவுக்குப் போனாள். இருவரும் திரும்பி வந்து பட்டமும் பெற்றுவிட்ட இன்றைய நிலையில், மலையகத்திலிருந்து கலை, சமூக அறிவியல் பாடங்கள் படிக்கப் போகும் தம்பி தங்கையருக்குப் பேராசிரியர் தலைமையிலான வகுப்பையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

எல்லோருக்கும் தெரிந்த வேறுபாடுகளை நீட்டத் தேவையில்லை. ஐரோப்பாவில் மொழி புதிது, தனிமை உண்டு. நீலகிரியில் தமிழ் உண்டு, நுவரெலியாக் குளிருக்குப் பழகிய உடம்புக்கு ஊட்டிக் குளிர் ஒரு பொருட்டும் அன்று. செலவைப் பார்த்தால் எராஸ்மஸ் பிளஸ் மேலானதாகவே தோன்றும். செல்லும் நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை உதவித்தொகை கிடைக்கிறது. அங்கே கல்விக் கட்டணமும் இல்லை. கள வகுப்புக்கோ பெரும்பாலும் மாணவரே பணம் கட்ட வேண்டும். ஆனால் உதவித்தொகை கைக்கு வருவதற்கு முன்பே விசாக் கட்டணம், காப்புறுதி, கொழும்புக்குப் பலமுறை போய்வரும் செலவு, முதல் மாத வாடகை ஆகியவற்றுக்கு வழி பார்த்தாக வேண்டும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. 90 நாட்களுக்கு மேல் தங்குவோருக்கு பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா போதாது. அந்தந்த நாட்டின் நீண்ட கால விசா வேண்டும், அதற்குக் கேட்கப்படும் ஆவணங்களும் அதிகம். பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் தகப்பனாரின் பெயர் பதிவாகியுள்ள தோட்டத்துக் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அதைத் திருத்தாவிட்டால் எந்த நாட்டுக்குப் போவதும் தடைப்படலாம் என்பதால், இரண்டாம் ஆண்டிலேயே அந்த வேலையை முடித்து, கண்டிப் பிராந்திய அலுவலகத்தில் கடவுச்சீட்டையும் எடுத்துவிட வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது பணம் அன்று. வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பினால் அந்தப் படிப்பு நம் பட்டத்தில் எந்தக் கணக்கில் ஏறும் என்ற ஒரே கேள்விதான். இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஏனெனில் விண்ணப்பிக்கும் உற்சாகத்தில் பலரும் கேட்காமல் விடுவது இதைத்தான்.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல். விரிவுரை மட்டுமன்றி, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான ஆயத்தம் எல்லாம் அதில் அடங்கும். ஆண்டுக்கு 30 கிரெடிட். நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120. ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம், ஆண்டுக்கு 60 கிரெடிட். ஆகவே அவர்களுடைய இரண்டு நம்முடைய ஒன்றுக்குச் சமம். அங்கே ஒரு செமஸ்டரில் பெறும் 30, இங்கே 15 ஆகி, நம் செமஸ்டரோடு அப்படியே பொருந்திவிடும். மொத்தமாகப் பார்க்கும்போது சரியாக வரும் இந்தக் கணக்கு, பாடம் பாடமாகப் பிரிக்கும்போது சிக்கிக்கொள்கிறது. அங்கே 5 கிரெடிட் பாடம் ஒன்றைப் படித்தால் இங்கே அது இரண்டரை ஆகிறது. நம் பாடங்களோ இரண்டாக அல்லது மூன்றாக இருக்கின்றன. மீதி அரையை என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு விதமாக விடை சொல்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் பாடத்தின் உள்ளடக்கம். அங்கே ஒரு பாடத்தில் எவ்வளவு சிறப்பாகச் சித்தியடைந்தாலும், அதற்கு ஈடான பாடம் நம் பீடத்தின் பாடவிவரக் கைந்நூலில் இல்லையென்றால், அது பெறுபேற்றுத் தாளில் ஓர் அலங்காரமாக நிற்குமே தவிரப் பட்டத்துக்கு உதவாது.

பயணத்துக்கு முன் மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று தரப்பும் கையொப்பமிடும் கற்றல் ஒப்பந்தம் ஒன்று உண்டு. இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே அது இருக்கிறது. தோழியும் அதைக் குறைவின்றிச் செய்துவிட்டுத்தான் போனாள். ஆனால் அங்கே போனபின், அவள் தெரிவு செய்திருந்த பாடங்களில் ஒன்று ஆங்கிலத்தில் நடக்காது என்று தெரிந்தது. மாற்றுப் பாடம் எடுத்தாள். ஒப்பந்தத்தையும் திருத்தி அனுப்பினாள். திரும்பி வந்ததும் துறைக் கூட்டம், பீடச் சபை, பல்கலைக்கழக மூதவை என்று அந்தத் தாள் படியேறியபோது மாற்றுப் பாடம் ஏற்கப்படவில்லை. அது ஈடுசெய்ய வேண்டியிருந்த, ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடக்கும் கட்டாயப் பாடத்தை அவள் அடுத்த பேட்ச்சோடு அமர்ந்து படித்து முடிக்க வேண்டியதாயிற்று. அவளுடைய திறமையிலோ உழைப்பிலோ எந்தக் குறையும் இருக்கவில்லை.

நாட்காட்டியும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஐரோப்பிய ஆண்டு செப்டெம்பர் அல்லது ஒக்டோபரில் தொடங்குகிறது. நம்முடைய ஆண்டோ 2020இன் பெருந்தொற்று, 2022இன் பொருளாதார நெருக்கடி, 2024இல் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்த கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் என்று தள்ளிப்போய், பீடத்துக்குப் பீடம் வெவ்வேறு மாதத்தில் நிற்கிறது. ஆகவே அங்கே ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறவர் இங்கே இரண்டு செமஸ்டர்களின் பகுதிகளை இழக்கக்கூடும். பரீட்சைக்குத் தோற்ற 80 சதவீத வரவு கேட்கப்படும் பாடங்களில் இது சிறிய இழப்பன்று.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டுத் தாமதம் பெரிய விடயமாக இராது. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போய், நாட்கூலி வாங்கும் அம்மாவின் வருமானத்திலும், மகாபொல உதவித்தொகைத் தவணையிலும் விடுதி வாழ்க்கையை நடத்தும் பிள்ளைக்கு, பேட்ச்சோடு பட்டம் பெறுவதென்பது குடும்பத்துக்கு முதல் மாதச் சம்பளம் எப்போது வரும் என்ற கேள்வி; அடுத்துச் சாதாரண தரமோ உயர்தரமோ எழுதும் தம்பியின் வகுப்புக் கட்டணம் யார் கட்டுவது என்ற கேள்வி. ஆசிரியர் நியமனத்துக்கோ அரச போட்டிப் பரீட்சைக்கோ விண்ணப்பம் கோரப்படும் மாதத்தில் பெறுபேறு கையில் இல்லாவிட்டால், அடுத்த அழைப்பு எப்போது என்று எவராலும் சொல்ல முடியாது. நம் பிள்ளைகளுக்கு உலகம் தெரிய வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். ஆனால் அதற்கான விலையை அந்த வீட்டு அடுப்பு கொடுக்கக் கூடாது.

பேராசிரியர் நடத்தும் வகுப்பில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. அது முன்பே நம் கைந்நூலில் குறியீட்டு எண்ணோடு உள்ள பாடம், விடுமுறையில் நடக்கிறது, கற்பித்தவரே புள்ளியிடுகிறார், அந்தப் புள்ளி வழக்கமான பரீட்சைச் சபைக்கே போகிறது. எதையும் எதற்கும் ஈடாக்க வேண்டியதில்லை. ஆயினும் இங்கேயும் மணிக்கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் ஒரு நாளும் ஓயாமல் நாளுக்கு எட்டு மணி நேரம் உழைத்தாலும் 112 மணி நேரமே ஆகும். அது இரண்டு கிரெடிட்டுக்குப் போதும், மூன்றுக்குப் போதாது. ஆகவே மூன்று கிரெடிட் என்று அறிவிக்கப்படும் இருவார வகுப்பில் புறப்படுமுன் விரிவுரைகளும் வாசிப்பும், திரும்பியபின் அறிக்கையும் வாய்மொழிப் பரீட்சையும் இருந்தே தீர வேண்டும். அவை இல்லாவிட்டால் அது சுற்றுலா. பேராசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

கற்ற பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான இலங்கை–இந்திய அரசுகளின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றவராயிருந்த இந்திய வம்சாவளியினர் 975,000 பேரின் தலைவிதியை எழுதியது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்று விட்டு, 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இந்த எண்களைப் பாடசாலையிலேயே மனனம் செய்திருந்தோம். அப்படிப் போனவர்களுக்கு வேலை தருவதற்கென்று தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டமே பிற்பாடு டான்டீ என்ற கழகமாயிற்று. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் அதன் குடியிருப்புகளில் நின்று, எங்கள் பாட்டன்மாரோடு ஒரே பெரட்டில் நின்றவர்களின் பிள்ளைகளிடம் பேசியபோது அந்த எண்கள் ஊரும் பெயருமாக மாறின. மஸ்கெலியாவையும் பண்டாரவளையையும் கண்ணால் காணாத பிள்ளைகள் அவ்வூர்த் தோட்டங்களின் பெயரைச் சரியாகச் சொன்னார்கள்.

அந்த வீடுகளுக்குள் எங்களால் போக முடிந்தது பேராசிரியரால்தான். அவர் ஆண்டுக்கணக்காக அங்கே போய்வருபவர். வினாக்கொத்தை எடுத்த எடுப்பில் நீட்டக் கூடாது, சம்பளத்தை முதற்கேள்வியாகக் கேட்கக் கூடாது என்று புறப்படுமுன்பே சொல்லியிருந்தார். பகலில் கேட்டதை இரவில் எல்லோரும் அமர்ந்து ஒப்பிட்டோம். நீலகிரியில் சிறு விவசாயிகள் தம் நிலத்தில் பறித்த கொழுந்தைக் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கும் தனியார் தொழிற்சாலைகளுக்கும் விற்கிறார்கள். இலங்கையிலும் தேயிலை உற்பத்தியின் பெரும்பகுதி சிற்றுடைமையாளரிடமிருந்தே வருகிறது, ஆனால் அவர்கள் பெரும்பாலும் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்தவர். மலையகத் தோட்டத் தொழிலாளர் கைக்கு நிலம் வரவில்லை. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, இரண்டு இடத்தையும் அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து கேள்வியைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். தேயிலையே இல்லாத நகரத்து வகுப்பறையில் அது எனக்குக் கிடைத்திராது என்று உறுதியாக நம்புகிறேன்.

பேராசிரியரோடு போவது மட்டமான குறுக்குவழி என்று கருதுவோருக்கு ஒரு செய்தி. அமெரிக்க மாணவர் வெளிநாட்டில் படிக்கும் வழக்கத்துக்குத் தொடக்கமாகக் கருதப்படும் 1923ஆம் ஆண்டுப் பயணமே, டெலவேர் பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சுப் பேராசிரியர் ரேமண்ட் கெர்க்பிரைட் எட்டு மாணவரைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்ற பயணம்தான். அது ஓராண்டு நீடித்தது என்பது உண்மை. ஆனால் ஆசிரியர் கூட வந்தார் என்பதால் எவரும் அதைக் குறைத்து மதிப்பதில்லை.

பரிமாற்ற செமஸ்டரின் நிறைகளை நான் தோழியின் வழியாகவே அறிவேன். ஆகவே அவற்றைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது என்று அவளிடமே கேட்டேன். தனியாக வீடு தேடி, தனியாக நோயுற்று, தனியாகப் பரீட்சை எழுதியதில் வந்த துணிவைக் குழுவோடு போனவர்கள் பெற முடியாது என்றாள். அவளுடைய கல்விசார் ஆங்கில எழுத்து என்னுடையதைவிட வெகுதூரம் முன்னே போய்விட்டதை நானே பார்க்கிறேன். முதுமாணிக்கு விண்ணப்பித்தபோது அங்குள்ள விரிவுரையாளரின் பரிந்துரைக் கடிதம் அவளுக்குப் பெரிதும் உதவியது. குழுவாகப் போவதில் ஒரு குறையும் உண்டு: நாள் முழுவதும் நமக்குள்ளேயே பேசிக்கொண்டு, ஒரே பேராசிரியரின் பார்வையிலேயே ஊரைப் பார்த்துத் திரும்பிவிடும் அபாயம். எங்கள் வகுப்பில் மாலை நேரங்களில் இருவர் இருவராகப் பிரித்து அனுப்பியதால் அது ஓரளவு தணிந்தது.

அறிவியல், பொறியியல் பீடங்களில் என் அனுபவம் செல்லாது. அங்கே ஆய்வுகூடக் கருவியே தீர்மானிக்கும் காரணமாக இருக்கலாம். அதற்கு ஒரு செமஸ்டர் தேவைப்படலாம். இடைப்பட்ட வழியொன்றையும் அவர்கள் விசாரிக்க வேண்டும்: ஜப்பானிய அறிவியல் தொழில்நுட்ப முகமை 2014 முதல் நடத்தும் சகுரா அறிவியல் பரிமாற்றத் திட்டம். ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரையான குறுகிய வருகைகளுக்கு அது விமானச் சீட்டோடு உதவுகிறது. விண்ணப்பிப்பது ஜப்பானிய நிறுவனம் என்பதால், அங்கே தொடர்புள்ள பேராசிரியர் நம் துறையில் இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐரோப்பாவே வேண்டும் என்பவர், கட்டாயப் பாடங்களை முடித்துவிட்டு, விருப்பப் பாடங்கள் மட்டும் மிஞ்சியிருக்கும் செமஸ்டரைத் தெரிவு செய்து போகட்டும். அங்கே எடுக்கப்போகும் பாடங்களோடு இரண்டு மாற்றுப் பாடங்களையும் சேர்த்துப் பட்டியலிட்டு, அவை ஒவ்வொன்றும் இங்கே எந்தக் குறியீட்டு எண்ணுக்கு ஈடாகும் என்று துறைத் தலைவரும் பீடாதிபதியும் எழுத்தில் கையொப்பமிட்டுத் தந்த பிறகு விசாக் கட்டணத்தைக் கட்டலாம்.