ஆல்டோ, டெனர், சொப்ரானோ: மூன்றுக்கும் தோதான கழுத்து ஸ்ட்ராப் எது? நீண்ட நாள் புழங்கிப் பார்த்த அனுபவம்

ஒரே ஒரு சாக்ஸபோன் வைத்திருப்பவர் கழுத்துக்கு இதமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஸ்ட்ராப் வாங்கிவிடலாம். நீளத்தை ஒருமுறை சரி செய்தால் அது பாட்டுக்கு அப்படியே கிடக்கும். மேடையில் ஆல்டோவை வைத்துவிட்டு, அதைவிடப் பெரிய சாக்ஸான டெனரை எடுக்கிறவருக்கு அது போதாது. பாட்டுக்குப் பாட்டு, சில சமயம் ஒரே பாட்டுக்குள்ளேயே நீளம் மாற வேண்டும், மாறிய இடத்தில் நிற்கவும் வேண்டும். பல வகை ஸ்ட்ராப்களை வருடக்கணக்கில் மாட்டிப் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: மாற்றி வாசிக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரை, அடுத்தது சாக்ஸ் தொங்கும் கொக்கியை. கழுத்து மெத்தைக்கு மூன்றாவது இடம்தான்.

நான் புதுச்சேரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஊதுகிறேன். முகூர்த்த மாதங்களில் கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கம் ரிசப்ஷன் கச்சேரிகள் இருக்கும். ஈஸ்டர் முடிந்ததும் வில்லியனூர் மாதா திருவிழாவை ஒட்டிய நாட்களில் பாடகர் குழுக்களோடு வாசிப்பு. 1982-இல் பிரான்சில் தொடங்கிய இசைத் திருநாளை ஜூன் 21-ஆம் தேதி எங்கள் ஊரிலும் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு ஆல்டோ, டெனர், இவற்றைவிடச் சிறிய சொப்ரானோ என மூன்று சாக்ஸும் வெளியே வரும். எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் இடையிசைக்கு ஆல்டோ வேண்டும், அடுத்த மெலடிக்கு டெனரின் கனத்த குரல் வேண்டும். நடுவில் கிடைக்கிற நேரம் பாடகர் "அடுத்ததாக" என்று சொல்லி முடிக்கும் நேரம்தான்.

முதலில் எடை. ஆல்டோ சுமார் இரண்டரை கிலோ, டெனர் சுமார் மூன்றரை கிலோ. கேட்க ஒரு கிலோ வித்தியாசம்தான், ஆனால் மூன்று மணி நேரக் கச்சேரியில் அந்த ஒரு கிலோதான் பிடரிக்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் எலும்பில் உட்காருகிறது. டெனரைவிடப் பெரிய பாரிடோன் சாக்ஸ் ஐந்து ஆறு கிலோ வரும். அதைக் கழுத்தில் மட்டும் தொங்கவிடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆகவே ஸ்ட்ராப்பை எப்போதும் உங்களிடம் இருப்பதிலேயே கனமான சாக்ஸை வைத்துத் தேர்ந்தெடுங்கள். டெனரைத் தாங்குவது ஆல்டோவையும் தாங்கும். ஆல்டோவுக்கு என்று வாங்கிய மெல்லிய நாடா டெனரை மாட்டியதும் கழுத்தில் கயிறாக இறுகிவிடும்.

அடுத்தது நீளம். நிமிர்ந்து நின்று, நேரே பார்த்தபடி சாக்ஸை மாட்டி, வாயைத் திறந்தால் ஊதும் முனையான மவுத்பீஸ் தானாக உதட்டுக்கு வர வேண்டும். தலை குனிந்து மவுத்பீஸைத் தேடிப் போனால் ஸ்ட்ராப் நீளம் அதிகம். தாடை மேலே தூக்கினால் குறைவு. ஆல்டோவுக்குக் கொக்கி மேலே வர வேண்டும், டெனருக்கு இறங்க வேண்டும். என் உயரத்துக்கு இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு அங்குல இடைவெளி இருக்கிறது. கடையில் ஸ்ட்ராப்பைக் கையில் எடுத்ததும் அட்ஜஸ்டரை மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் தள்ளிப் பாருங்கள். குள்ளமானவர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஆல்டோவுக்கு வேண்டிய அளவு மேலே ஏறாத ஸ்ட்ராப்கள் நிறைய உண்டு. உயரமானவர்களுக்கு டெனரில் அதே தொல்லை கீழ்ப்பக்கம் வரும்.

அட்ஜஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு விதம் பார்க்கலாம். பட்டை நாடாவில் பக்கிள் போல ஏறி இறங்குவது ஒன்று. இது உறுதியாகப் பிடிக்கும், ஆனால் மாற்ற இரண்டு கையும் வேண்டும். கழுத்தில் சாக்ஸ் தொங்கும்போது இரண்டு கைக்கு எங்கே போவது? இன்னொன்று, உருண்டையான நைலான் கயிறு ஒரு சின்னத் துண்டின் துளைகள் வழியே வளைந்து வருவது. சாக்ஸின் கனம் கயிற்றை இழுக்கும்போது அந்த வளைவில் உராய்வு கூடி இறுகிக்கொள்ளும். கனத்தை எடுத்துவிட்டு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். மாற்றி வாசிக்கிறவருக்கு ஏற்றது இதுவே. எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் கயிறும் துண்டும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும்.

நம் கடலோரத்தில் இதற்கு ஒரு தனிச் சோதனை இருக்கிறது. கத்திரி வெயிலில், மேடை விளக்குக்குக் கீழே, கழுத்து வியர்வை கயிறு வழியாக இறங்கி அட்ஜஸ்டரை நனைத்துவிடும். நான் வாங்கிய ஒரு ஸ்ட்ராப் வீட்டில் மின்விசிறிக்கு அடியில் அருமையாக நின்றது. கடலூரில் ஒரு மண்டபத்தில் டெனரை மாட்டிப் பல்லவி முடிந்து சரணத்துக்கு வருவதற்குள் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. ஒரு விரல்கடைதானே என்று விட முடியாது. மவுத்பீஸ் வாய்க்குள் நுழையும் கோணம் மாறுகிறது, மவுத்பீஸில் அதிரும் மெல்லிய பட்டையான ரீட் மேல் கீழுதடு உட்காரும் இடம் மாறுகிறது, சுதி தொய்கிறது, கை தன்னை அறியாமல் வலது கட்டை விரலால் சாக்ஸைத் தூக்கிப் பிடிக்கத் தொடங்குகிறது. மறுநாள் காலை வலி கழுத்தில் இருக்காது, கட்டை விரலின் அடி மூட்டில் இருக்கும். அதனால் நான் புது ஸ்ட்ராப்பைச் சோதிக்கும்போது கயிற்றைத் தண்ணீரில் நனைத்து, டெனரை மாட்டி, கால் மணி நேரம் வாசித்துப் பார்ப்பேன். நனைந்தும் நின்றால்தான் மேடைக்குப் போகும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி வைத்திருக்கிறேன். ஆல்டோ நீளத்தில் கயிற்றில் சிவப்பு நூலை நாலு சுற்றுச் சுற்றி ஊசியால் ஒரு தையல், டெனர் நீளத்தில் மஞ்சள் நூல். அட்ஜஸ்டர் துளையில் சிக்காத அளவுக்கு மெல்லிய நூலாக இருக்க வேண்டும். விளக்கு மங்கிய மேடையிலும் விரல் தடவும்போது அந்த மேடு தட்டுப்படும். மாற்றும் வரிசையும் முக்கியம். இடது கையால் ஆல்டோவின் உடலைப் பிடித்து, வலது கட்டை விரலால் கொக்கியை அழுத்திக் கழற்றி, ஸ்டாண்டில் வைக்கிறேன். டெனரைத் தொடுவதற்கு முன்பே, வெறும் கயிறாக இருக்கும்போதே, அட்ஜஸ்டரை மஞ்சள் நூலுக்கு இறக்கிவிடுகிறேன். பிறகுதான் டெனர். மாட்டிய பின் இறக்கினால் கனத்தோடு சேர்ந்து கயிறு சரசரவென்று ஓடி, சாக்ஸ் தொடை வரை போய் நிற்கும். கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒருநாள், "அண்ணே, நீங்க மாத்துறதை நான் கவனிக்கவே இல்லை, டெனர் சத்தம் வந்ததும்தான் பார்த்தேன்" என்றான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கொக்கியில் மூன்று ரகம். திறந்த கொக்கி, விரலால் அழுத்தினால் திறக்கும் ஸ்பிரிங் கொக்கி, பிளாஸ்டிக்கில் செய்த பூட்டுக் கொக்கி. வேகம் என்று பார்த்தால் திறந்த கொக்கியை எதுவும் மிஞ்சாது. ஆனால் எங்களோடு வாசித்த நண்பர் ஒருவர் திறந்த கொக்கியில் ஆல்டோவோடு குனிந்து கீழே விழுந்த நோட்டை எடுக்கப் போனார். குனிந்ததும் கயிறு தளர்ந்தது, சாக்ஸின் பின்புறம் உள்ள வளையம் கொக்கியை விட்டு நழுவியது, ஆல்டோ நேராகத் தரையில். விரிந்த வாய்ப்பகுதியான பெல் நசுங்கி, பெல்லையும் உடலையும் இணைக்கும் கம்பி உள்வாங்கி, கீழ் ஸ்வரங்களுக்கான மூடிகள் சரியாக மூடாமல் போயின. பழுது பார்க்க ஆன செலவில் நாலு நல்ல ஸ்ட்ராப் வாங்கியிருக்கலாம். மாற்றும் வேகத்தில் அரை விநாடி போனாலும் பரவாயில்லை, மூடும் கொக்கியே நல்லது என்பேன்.

உலோகக் கொக்கி என்றால் அதன் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா என்று பாருங்கள். உறையில்லாத எஃகு, சாக்ஸின் பித்தளை வளையத்தை நாளடைவில் அரித்துத் தேய்க்கும். ஒரே ஸ்ட்ராப்பை மாற்றி மாற்றி மாட்டிக் கழற்றும்போது உராய்வும் கூடும். இன்னொரு சிக்கல் வளையத்தின் அளவு. பழைய சாக்ஸ்களில் வளையம் சின்னதாக இருக்கும், தடித்த பிளாஸ்டிக் கொக்கி உள்ளே நுழையவே நுழையாது. உங்கள் எல்லா சாக்ஸையும் கடைக்குத் தூக்கிப் போக முடியாவிட்டால், வளையத்தின் உள்விட்டத்தை அளந்து குறித்துக்கொண்டு போங்கள்.

இனி கழுத்துப் பகுதி. நியோபிரீன் மெத்தை முதல் நாள் சொர்க்கமாக இருக்கும். ரப்பர் போல இழுபடுவதால் எடை குறைந்தது போலத் தோன்றும். நடந்து வாசித்தால் சாக்ஸ் மேலும் கீழும் ஊஞ்சலாடும். அதைவிடப் பெரிய குறை, டெனரை மாட்டும்போது கூடுதலாக இழுபட்டு, நூல் அடையாளத்தைப் பொய்யாக்கிவிடும். ஆல்டோ மட்டும் வாசிக்கும் மாணவர்களுக்கு நல்லது, மாற்றி வாசிப்பவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அகலமான தோல் பட்டை இழுபடாது. கழுத்தின் வளைவுக்குத் தகுந்தபடி வெட்டியிருந்தால் கனம் எலும்பில் இறங்காமல் இரண்டு பக்கத் தசையிலும் பரவும். ஜப்பானின் பேர்ட் ஸ்ட்ராப்பில் இருப்பது போல 'வி' வடிவத் தகடு வைத்தவையும் கிடைக்கின்றன. அந்தத் தகடு கயிறுகளை விரித்துப் பிடிப்பதால் தொண்டையின் இருபுறமும் அழுத்தாது. டெனரில் நீளமான மூச்சு எடுக்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. இன்றைக்கு நான் அதிகம் மாட்டுவது தகடு வைத்த தோல் பட்டையைத்தான்.

கழுத்தைத் தொடாமல் தோளில் உட்காரும் வகையும் உண்டு. ஜெர்மனியின் ஜாஸ்லேப் செய்யும் சாக்ஸ்ஹோல்டர் அப்படிப்பட்டது: இரண்டு தோளிலும் வளைந்த தாங்கிகள், வயிற்றில் ஊன்றிக்கொள்ளும் ஒரு தட்டு. கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் யோசிக்காமல் இந்த வகைக்குப் போய்விடலாம். டெனர் மட்டும் முழு நேரம் வாசிக்கும் நாட்களில் நானும் தோள் தாங்கிதான் மாட்டுகிறேன். முதுகில் குறுக்காகப் போகும் ஹார்னஸ் பாரிடோனுக்கு அவசியம். என்னிடம் கற்கும் ஒரு பெண், "சார், புடவை மேல இது மடிப்பை எல்லாம் கலைச்சிடுது, மேடையில சரி பண்ணிக்கிட்டே இருக்க முடியலை" என்றார். அவருக்கு அகலத் தோல் பட்டைதான் ஒத்து வந்தது. உடுப்பும் ஒரு காரணம்தான், அதைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம்.

ஒவ்வொரு சாக்ஸுக்கும் ஒரு ஸ்ட்ராப் என்று வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். இரண்டைக் கழுத்தில் போட்டால் கயிறுகள் பின்னிக்கொள்ளும், மாட்டாத கொக்கி, விரலால் அழுத்தும் சாக்ஸின் சாவிகளில் தட்டிக்கொண்டே இருக்கும். மைக் அதையும் பிடிக்கும். சொப்ரானோவுக்கு மட்டும் நான் விதிவிலக்குத் தருகிறேன். நேரான சொப்ரானோ எடை குறைவு, சிலர் ஸ்ட்ராப்பே போடாமல் கட்டை விரலில் தாங்கி வாசிப்பார்கள். அதற்கு ஒரு மெல்லிய நாடா, சாக்ஸிலேயே மாட்டி ஸ்டாண்டில் கிடக்கும். தலைக்கு மேல் போட்டால் முடிந்தது.

தரையில் சம்மணமிட்டு வாசிப்பவர்களுக்குக் கணக்கு முற்றிலும் வேறு. மறைந்த கத்ரி கோபால்நாத் ஆல்டோவில் கர்நாடக சங்கீதத்தை நிலைநிறுத்திய பிறகு, தவிலோடு சாக்ஸ் சேர்ந்து வரும் கல்யாணங்கள் நம் பக்கமும் கூடிவிட்டன. உட்காரும்போது நின்று வாசிக்கும் நீளம் ஒத்து வராது. வயிற்றில் ஊன்றும் தோள் தாங்கியும் மடியில் இடிக்கும். இரண்டு விதமாகவும் வாசிப்பவர்கள் மூன்றாவதாக ஒரு நூலைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் இரண்டு செய்தி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் பட்டையைப் பெட்டிக்குள் மூடி வைத்தால் ஒரே வாரத்தில் பூசணம் பூக்கும். கச்சேரி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் ஓர் இரவு தொங்கவிட வேண்டும். சாயம் போட்ட கறுப்புத் தோல் வியர்வையில் கரைந்து வெள்ளைச் சட்டைக் காலரில் இறங்கும், அதனால் வாங்கியதும் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கொக்கியின் ஸ்பிரிங்கில் உப்புக் காற்று பட்டுத் துரு ஏறும். மாதம் ஒருமுறை ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் போதும்.

கயிறு தேய்ந்து பஞ்சு பஞ்சாகப் பிரியத் தொடங்கினால் ஸ்ட்ராப்பையே தூக்கிப் போட வேண்டியதில்லை. அதே தடிமனில் நல்ல நைலான் கயிறு வாங்கி, முனைகளை நெருப்பில் காட்டி உருக்கி, பழைய கயிறு போன வழியிலேயே கோத்துவிடலாம். தடிமன் கொஞ்சம் குறைந்தாலும் அட்ஜஸ்டர் பிடிக்காது, ஆகவே பழைய கயிற்றில் ஒரு துண்டை வெட்டிக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். புதுக் கயிற்றில் நூல் அடையாளங்களை உடனே கட்ட வேண்டாம். இரண்டு மூன்று ஒத்திகைகளில் டெனரின் கனத்துக்குக் கயிறு இழுபட்டு அடங்கட்டும், பிறகு கட்டுங்கள்.