கிளிப்பா, முன் ஊக்கா, இழுத்துவிடுவதா? பாலூட்டும் பிரா வாங்கிய கதை

ஐந்தாம் மாதத்திலேயே என் பழைய 34பி முதுகில் தடம் போட ஆரம்பித்துவிட்டது. பின்பக்கம் சேர்த்து மாட்டுகிற கூடுதல் ஊக்குப் பட்டை ஒன்றை வாங்கி இரண்டு மாதம் ஓட்டினேன். விலா விரிவதற்கு அது போதும், கப்புக்கு மேலே பிதுங்குவதற்கு அது என்ன செய்யும்? வளைகாப்பு முடிந்து காரைக்குடியில் அம்மா வீட்டுக்கு வந்த பிறகுதான் மூன்று விதத்திலும் ஒவ்வொன்று வாங்கினேன்: தோள்பட்டையில் கிளிப் வைத்தது, முன்னால் ஊக்கு வைத்தது, ஊக்கே இல்லாமல் இழுத்து ஒதுக்குவது. கம்பி வைத்ததை நினைத்தே பார்க்கவில்லை. ஒரே இடத்தில் அழுத்தினால் பால் கட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

முன் ஊக்கு அப்பத்தாவின் சிபாரிசு. "நாங்கள்லாம் முன்னாடி கொக்கி வச்ச பாடிதான் போட்டோம், புள்ளைக வளரலையா?" என்றார். வளர்ந்தார்கள், சரி. ஆனால் அதைத் திறந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து திறந்துகொள்கிறது, இந்தப் பக்கம் குடிக்கும்போது அந்தப் பக்கம் ஒழுகுகிறது, ஒழுகும் பாலை உறிஞ்ச உள்ளே வைத்த பேடும் மடியில் விழுகிறது. ஊக்கு ஒரே வரிசை என்பதால் பிரசவத்துக்குப் பின் விலா சுருங்கும்போது இறுக்கிக்கொள்ளவும் வழியில்லை.

இழுத்துவிடுவது ராத்திரிக்குச் சுகம். மூன்றாம் நாள் பால் இறங்கி மார்பு கல்லாகக் கனத்தபோது என் உடம்பு தாங்கியது அதை மட்டும்தான். பகலில் எழுந்து நடமாடினால் பிடிப்பு இல்லை, இரண்டு மாதத்தில் அதன் கழுத்துப் பக்கமும் தொங்கிவிட்டது.

கிளிப்பில் ஒரு கையால் ஒரு பக்கத்தை மட்டும் இறக்கலாம், மறுபக்கம் அசையாது. இடது கிளிப்பைத் திரும்ப மாட்டத்தான் ஒரு வாரம் தடுமாறினேன். பின்னால் நாலு வரிசை ஊக்கு இருப்பதை எடுங்கள்.

ஆனால் நான் இதில் நின்றதற்குக் காரணம் கிளிப் இல்லை, துவைப்பது. பால் பட்ட துணியை அன்றன்றே அலசாவிட்டால் புளித்த வாடை வரும், ஒரு நாளைக்கு இரண்டு மாற்ற வேண்டியிருந்தது. முதலில் நான் வாங்கிய கிளிப் பிரா பஞ்சு வைத்த மெத்தை கப். வீட்டில் முற்றம் நிறைய வெயில் கொட்டுகிறது, ஆனால் பிள்ளை பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று அம்மா அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். மேலே துண்டு மொறமொறவென்று காய்ந்திருக்கும், அடியில் கப்பை அமுக்கினால் விரலில் ஈரம் ஒட்டும். அந்த ஈரத்தோடு போட்டால் அரிப்பு, காம்பில் எரிச்சல். அப்புறம் மெத்தை இல்லாத ஒற்றைத் துணிப் பருத்தியில் இரண்டு கிளிப் பிரா வாங்கினேன், காலையில் அலசியது மத்தியானச் சாப்பாட்டுக்குள் காய்ந்தது. பச்சைத் தண்ணீரில் முதலில் அலசிவிட்டு அப்புறம் சோப்புப் போடுங்கள். கல்லில் அடிப்பது, முறுக்கிப் பிழிவது, கொதிக்கிற தண்ணீர், மூன்றும் எலாஸ்டிக்குக்கு எமன். கடைசியில் அம்மாவிடம் சண்டை போட்டு மொட்டைமாடியில் தனிக் கொடி கட்டினேன்.

அளவுக்கு டேப் போதும். மார்புக்கு அடியில் ஒரு சுற்று, முழுமார்பில் ஒரு சுற்று. வித்தியாசம் ஓர் அங்குலத்துக்கு ஏ, இரண்டுக்கு பி, இப்படியே போகும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எட்டாம் மாதக் கடைசியில் வாங்கினால் கடைசி ஊக்கில், அதாவது தளர்வான வரிசையில், சரியாக இருப்பதை எடுங்கள், பிறகு இறுக்கிக்கொள்ளலாம். பட்டைக்குள் இரண்டு விரல் போக வேண்டும், கையைத் தூக்கினால் பட்டை மேலே ஏறக்கூடாது. கப்பில் கொஞ்சம் இடம் விடுங்கள். எனக்குக் கடைசியில் 36டி வந்து நின்றது.

நான் வீட்டிலேயே இருந்து கொடுத்தவள். வேலைக்குப் போய்ப் பம்பில் எடுப்பவர்களுக்கு முன் ஊக்கே வசதியாக இருக்கலாம், அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் ஓரிடம் கட்டிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் பிராவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

முதலில் இரண்டு மட்டும் வாங்குங்கள். ஆறு வாரம் போய்ப் பால் ஒரு நிலைக்கு வந்ததும் மறுபடி அளந்து மிச்சத்தை வாங்கலாம். அந்த மெத்தை கப் இன்னும் பீரோவில்தான் கிடக்கிறது, யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை.