ராத்திரி பயத்துக்கு நான் கேட்கிற சங்கீதத் தியான ஒலித்தொடர்

விளக்கை அணைத்ததும் நெஞ்சு படபடக்கும், எதற்கென்றே தெரியாமல் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்படிப்பட்ட நாட்களில்தான் இந்த ஒலித்தொடரைக் கேட்க ஆரம்பித்தேன். பைபிளில் உள்ள சங்கீதம் என்ற ஜெபப்பாடல் புத்தகத்திலிருந்து பெரும்பாலும் நாளுக்கு ஒரே வசனம். 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ எழுதிவைத்த வாசிப்பு, தியானம், ஜெபம், கடவுளில் மௌனமாக லயித்திருத்தல் என்ற அதே நான்கு படிகளில் நிதானமாகக் கூட்டிப்போகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சங்கீதம் 56:3. 'நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்.' பயமே இல்லை என்று அந்த வசனம் சொல்லவில்லை பாருங்கள், பயம் இருக்கும்போதே நம்புகிறது, அதைக் கேட்டதும் என் பயத்தை எண்ணி வெட்கப்படுவது நின்றது. அப்புறம், சங்கீதம் 1:2-இல் தியானத்துக்கு வருகிற 'ஹாகா' என்ற எபிரேயச் சொல்லுக்கு வாய்க்குள் முணுமுணுப்பது என்றும் பொருளாம், ஏசாயா 38:14-இல் புறாவின் புலம்பலுக்கும் அதே சொல்தான். அன்றிலிருந்து மனதுக்குள் மட்டும் யோசிக்காமல் உதட்டால் மெல்லச் சொல்கிறேன். மூச்சு தானாகவே சீராகிறது, பதற்றம் வந்தாலும் பிடித்துக்கொள்ள ஒரு வரி கையில் இருக்கிறது.

குறையும் உண்டு. மௌன நேரத்திலும் பின்னணி இசை ஓடுகிறது, அணைக்க வழியில்லை. 23ஆம் சங்கீதத்தின் 6 வசனங்களையும் ஒரே நாளில் ஓட்டிவிட்டார்கள், 'மரண இருளின் பள்ளத்தாக்கு' வரிக்கே ஒரு வாரம் கொடுத்திருக்கலாம். பதற்றம் ரொம்பத் தீவிரமாக இருப்பவர்கள் மருத்துவரையும் பாருங்கள், இது அதற்கு மாற்று இல்லை. நான் இரண்டாவது சுற்று தொடங்கிவிட்டேன்.